காற்றுப்புயலும் பனிப்புயலும்: கவனிக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

புயல் கவனிக்கும் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில்தான் தொடங்குகிறார்கள். கடல்மேல் சுருண்டு கிடக்கும் வெள்ளைச் சுழலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் தெருவில் காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டால் அந்தப் படத்திடம் பதில் கிடையாது. பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது: அக்கம்பக்கத்து ஊர்களுக்கு இடையே உள்ள காற்றழுத்த வித்தியாசம், அப்புறம் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலை, பள்ளத்தாக்கு, நீர்ப்பரப்பு. இந்த இரண்டிலும் பழகிவிட்டால் மீதி எல்லாம் மெதுவாக வந்து சேரும்.

முதலில், இது எந்த வகைப் புயல்?

இங்கே பேசப்போவது மித அட்சரேகைகளில், ஏறக்குறைய 30 முதல் 60 டிகிரிக்குள், குளிர்காலத்தை ஒட்டி வரும் புயல்களைப் பற்றி. வெப்பமண்டலச் சூறாவளிக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். இவற்றுக்குத் தீனி, துருவத்துக் குளிர்காற்றும் தெற்கத்தி வெப்பக்காற்றும் மோதும் இடத்தில் உள்ள வெப்பநிலை வித்தியாசம். அதற்கு வெகு உயரே ஆறுபோல வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம்தான் புயலை ஊதிப் பெருக்குகிறது. குளிர்காற்று முன்னேறும் விளிம்பான குளிர்முகப்பு, வெப்பக்காற்று முன்னேறும் விளிம்பான வெப்பமுகப்பு என்று இன்று வரைபடங்களில் நாம் பார்க்கிற கோடுகளுக்கு அடித்தளம் போட்டது நார்வேயின் பெர்கன் நகரத்து ஆய்வாளர்கள். யாக்கோப் பியர்க்னெஸ் 1919-இல் வெளியிட்ட கட்டுரைதான் அதன் தொடக்கம்.

சூறாவளி பார்த்துப் பழகியவர்கள் இங்கே இரண்டு விஷயங்களை மறந்துவிட வேண்டும். கண் என்று ஒன்றைத் தேடாதீர்கள். மிகப் பலமான காற்று மையத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட வீசும். கரையேறியதும் அடங்கிவிடும் என்றும் நம்பாதீர்கள். 1999 டிசம்பர் 26 அன்று வந்த லோதர் புயல் பிரான்ஸைக் குறுக்கே கடந்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வரை அடித்துக்கொண்டே போனது. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் மட்டும் சுமார் 10,000 மரங்கள் சாய்ந்தன.

'பாம் சைக்ளோன்' (வெடிகுண்டுப் புயல்) என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படும். அமெரிக்க வானிலையாளர்கள் சாண்டர்ஸ், கயாகும் இருவரும் 1980-இல் வைத்த அளவுகோல் அது: 60 டிகிரி அட்சரேகையில் 24 மணி நேரத்தில் 24 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் அது 'பாம்'. தெற்கே வர வர இந்த வரம்பு குறையும்; 45 டிகிரியில் சுமார் 20 குறைந்தாலே போதும். தலைப்புச் செய்திக்கு நல்ல சொல்தான். ஆனால் மையம் எவ்வளவு வேகமாக ஆழமாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது, உங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

ஒரு பாரோமீட்டர் வாங்குங்கள்

காற்றுமானி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அதைச் சரியாகப் பொருத்துவது கடினம். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது நிலையான விதி. கூரை விளிம்பில் கட்டிய காற்றுமானி அக்கம்பக்கத்துச் சுவர்களின் கதையைத்தான் சொல்லும். பாரோமீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குள் மேசைமேல் வைத்தாலும் அது காட்டுவது வெளியே உள்ள அழுத்தம்தான். பல கைப்பேசிகளிலேயே அழுத்த உணரி இருக்கிறது.

முதலில் அதைக் கடல்மட்டத்துக்குச் சரிசெய்ய வேண்டும். தரைக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், அதாவது 80 மீட்டர் உயரத்தில் உள்ள வீட்டில் கருவி 10 குறைவாகக் காட்டும். காற்று அசையாத ஒரு நாளில், பக்கத்து விமான நிலையம் அறிவிக்கும் கடல்மட்ட அழுத்தத்தோடு ஒத்துப்பார்த்துத் திருகிவிட்டால் முடிந்தது.

இனிப் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, எண் மாறும் வேகத்தை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். பிரிட்டனின் கப்பல் வானிலை அறிக்கையில் மூன்று மணி நேரத்தில் 3.6 முதல் 6 ஹெக்டோபாஸ்கல் வரை மாறினால் 'வேகமாக', 6-க்கு மேல் போனால் 'மிக வேகமாக' என்று சொல்வார்கள். இரண்டாவது வகை இறக்கத்தை உங்கள் கருவியில் பார்த்தால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு தாழ்வு, அதாவது அழுத்தம் குறைந்த பகுதி, கடந்துபோவதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். நீங்கள் வடகோளத்தில் இருக்கிறீர்கள், தாழ்வின் மையம் உங்களுக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது என்று வையுங்கள். முதலில் உயரே மெல்லிய கீற்று மேகம் பரவும். சூரியனைச் சுற்றி வளையம் தெரியலாம். காற்று தென்கிழக்கிலிருந்து வரும், பாரோமீட்டர் இறங்கத் தொடங்கும். மேகம் தாழ்ந்து நிதானமான மழை பிடிக்கும். அப்புறம் வெப்பமுகப்பு தாண்டும்: காற்று தென்மேற்குக்குத் திரும்பும், வெப்பநிலை ஏறும், அழுத்தம் இறங்குவது மட்டுப்படும். பலர் இதோடு முடிந்தது என்று நினைத்து உள்ளே போய்விடுவார்கள். சில மணி நேரத்தில் குளிர்முகப்பு ஒரு கனமழையோடு வந்து மோதும். காற்று சட்டென்று மேற்குக்கோ வடமேற்குக்கோ தாவும், வெப்பநிலை விழும், பாரோமீட்டர் விறுவிறுவென்று ஏறும். பல புயல்களில் மரம் சாய்க்கும் காற்று அடிப்பது அந்த ஏற்றத்தின்போதுதான். அழுத்தம் அடிமட்டத்தில் இருக்கும்போதுதான் காற்று உச்சத்தில் இருக்கும் என்பது புதியவர்கள் எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. பாரோமீட்டரோடு ஒரு புயல் முழுக்க உட்கார்ந்திருந்தால் அது தானாகவே போய்விடும்.

மையம் உங்களுக்குத் தெற்கே போனால் கதையே வேறு. காற்று கிழக்கிலிருந்து வடகிழக்கு, வடக்கு என்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வெப்பக்காற்று உங்களை எட்டவே எட்டாது. குளிர்காலத்தில் பனி விழும் பக்கம் இதுதான். 100 கிலோமீட்டர் பாதை மாறினால் ஒரே ஊருக்குப் பலத்த காற்றும் மழையும் வருமா, அல்லது அமைதியாக முழங்கால் அளவு பனி விழுமா என்பதே மாறிவிடும்.

இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள்

வானிலை வரைபடத்தில் உள்ள சமஅழுத்தக் கோடுகள் நெருங்க நெருங்கக் காற்று கூடும். இது தெரிந்ததே. திசைக்கு டச்சு வானிலையாளர் பய்ஸ் பாலோட் 1857-இல் சொன்ன விதி போதும்: வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு உங்கள் இடக்கைப் பக்கம். தென்கோளத்தில் வலக்கைப் பக்கம்.

வரைபடத்தை வெறுமனே ரசிப்பதோடு நிறுத்தாமல் எண்ணாக மாற்றிக்கொள்வதுதான் அனுபவசாலிகள் செய்கிற வேலை. உங்கள் பகுதிக்கு இருபுறமும் உள்ள இரண்டு வானிலை நிலையங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றின் கடல்மட்ட அழுத்தத்திலிருந்து மற்றதைக் கழியுங்கள். அமெரிக்காவின் வடமேற்கில் சியாட்டிலைச் சுற்றியுள்ளவர்கள் போர்ட்லாந்துக்கும் பெல்லிங்ஹாமுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். போர்ட்லாந்து பக்கம் எவ்வளவு கூடுதலோ, தெற்குக் காற்று அவ்வளவு பலம். சுவிட்சர்லாந்தில் லுகானோவுக்கும் சூரிச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ஃபான் காற்றை எடைபோடுவார்கள்.

உங்களுக்கு எந்த ஜோடி பொருந்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பள்ளத்தாக்கு எந்தப் போக்கில் கிடக்கிறதோ அந்தப் போக்கின் இரு முனைகளையும் எடுங்கள். பலத்த காற்று வரும் நாட்களில் மணிக்கு மணி வித்தியாசத்தையும், உங்கள் அருகிலுள்ள நிலையத்தில் பதிவான உச்ச வீச்சையும் எதிரெதிரே எழுதிவையுங்கள். சில குளிர்காலங்கள் கழித்து, எவ்வளவு வித்தியாசம் வந்தால் கிளைகள் முறியும் என்று உங்கள் ஏட்டிலேயே இருக்கும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. சராசரி வேகம் வேறு, வீச்சு வேறு. வீச்சு என்பது மூன்று விநாடி உச்சம். சராசரி என்பது உலக வழக்கில் பத்து நிமிடத்துக்கு, அமெரிக்காவில் இரண்டு நிமிடத்துக்கு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதை நிறையப் பார்க்கலாம். இன்னொன்று: காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 85-க்குப் போனால் எண் கொஞ்சம்தான் கூடியதுபோல் தெரியும், சுவர்மேல் விழும் அழுத்தமோ இரண்டு மடங்கு.

தரையைப் படியுங்கள்

வரைபடத்தில் காற்று எல்லா ஊருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். தரையில் அப்படியில்லை. உங்கள் பகுதியின் நிலவரைபடத்தை விரித்து மலைத்தொடர் எந்தத் திசையில் ஓடுகிறது, அதில் எங்கெங்கே கணவாய் உள்ளது, குளிர்காற்று எங்கே வந்து தேங்கும் என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் ஒரு குளிர்காலம் முழுக்கக் கணினி முன்னறிவிப்பு மாடல்களின் படங்களை மேய்வதைவிட இந்த ஒரு மாலை வேலைக்கு மதிப்பு அதிகம்.

கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவதுபோல, குறுகலான இடத்தில் காற்று வேகமெடுக்கிறது என்று விளக்குவார்கள். அது பாதிதான் சரி. மலைக்கு ஒரு பக்கம் கனத்த குளிர்காற்று தேங்கி அழுத்தம் கூடியிருக்கிறது, மறுபக்கம் குறைவு. கணவாய் வழியாகக் காற்று அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கம் போகப் போக வேகம் கூடிக்கொண்டே வரும். அதனால் மிகப் பலமான காற்று பல இடங்களில் நடுவில் வீசாமல் வெளிவாயில் வீசும். ஓரிகனில் கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு இப்படித்தான்: கிழக்கே தேங்கிய குளிர்காற்றை போர்ட்லாந்தின் கிழக்கு விளிம்பில் கொண்டுவந்து கொட்டும்.

மலைச்சரிவில் இறங்கும் காற்று இன்னொரு ரகம். இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி சூடாகும். தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலை இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 7 டிகிரிக்குத் தாவியது இந்த வகைக் காற்றால்தான். இறங்கும் காற்று எப்போதும் சூடாகவே வரும் என்றும் இல்லை. கிளம்பும்போதே மிகக் குளிராக இருந்தால் சூடேறிய பிறகும் கீழே உள்ள காற்றைவிடக் குளிராகவே வந்து விழும். இத்தாலியின் திரியெஸ்தே நகரத்துப் போரா அப்படி; நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவோரம் கயிறு கட்டும் வழக்கம் இருந்த ஊர் அது. மேகமே இல்லாத புயலும் உண்டு. கொலராடோவில் போல்டருக்கு அருகே 2021 டிசம்பர் 30 அன்று ராக்கி மலைச் சரிவிலிருந்து இறங்கிய வறண்ட காற்றில் தீ பரவி 1,000-க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மழை இல்லை, முகப்பு இல்லை, செயற்கைக்கோள் படத்தில் சுழலும் இல்லை.

ஏரி அருகே இருப்பவர்கள் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஏரித் தண்ணீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்து, காற்று ஏரியின் நீளவாக்கில் ஓடினால் ஒடுங்கிய பனிப்பட்டை உருவாகும். 2014 நவம்பரில் பஃபலோ நகரின் தெற்குப் புறநகர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலம்தான்.

பருவத்தையும் தரையோடு சேர்த்துப் பாருங்கள். 1987 அக்டோபர் 15-16 இரவு தெற்கு இங்கிலாந்தில் சுமார் 1.5 கோடி மரங்கள் விழுந்தன. மரங்களில் இன்னும் இலை இருந்தது, மண் மழையில் ஊறிக் கிடந்தது. அதே காற்று இலையுதிர்ந்த பின் வந்திருந்தால் இத்தனை விழுந்திருக்காது. அந்தப் புயலில் மேகத்தின் வால்முனையிலிருந்து ஒரு குறுகிய பட்டையாகக் காற்று கீழே பாய்ந்ததைக் கீத் பிரவுனிங் 2004-இல் விளக்கினார். தேளின் கொடுக்கை வைத்து அதற்கு 'ஸ்டிங் ஜெட்' என்று பெயர். 1962 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் வடமேற்கைப் புரட்டிய கொலம்பஸ் தினப் புயலும் இலைக்காலத்தில் வந்ததுதான். பசிபிக்கில் ஃப்ரீடா என்ற டைஃபூனாக இருந்தது உருமாறி வந்து அடித்தது.

பனியா, மழையா, உறைமழையா

கடினமான பாடம் இது. இங்கே தரை வெப்பநிலை மட்டும் போதாது, உயரவாரியாக வெப்பநிலை எப்படி இருக்கிறது என்பது வேண்டும். வானிலை பலூன்கள் உலகெங்கும் வழக்கமாக நாளுக்கு இருமுறை ஏறுகின்றன. அவை உயரவாரியாக அளந்த வெப்பநிலையின் வரைபடம் இலவசமாகவே கிடைக்கும். அதில் பூஜ்ஜிய டிகிரிக் கோட்டை மட்டும் முதலில் பின்தொடருங்கள்.

ஒரு பனித்துகளோடு கூடவே இறங்கிப் பார்ப்போம். மேகத்தில் மைனஸ் 12 டிகிரியில் உருவாகிறது. தரைவரை பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இருந்தால் பனியாகவே வந்து சேரும். நடுவே, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், பிளஸ் 3 டிகிரியில் ஒரு வெப்ப அடுக்கு படுத்திருந்தால் அங்கே உருகித் துளியாகும். அதற்குக் கீழே உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி மறுபடி உறைந்து பனிக்கட்டிக் குறுணையாக ஜன்னலில் சடசடக்கும். அடுக்கு மெலிதாக இருந்தால் உறைய நேரமில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்த நீராகவே வந்து மின்கம்பி, கிளை, படிக்கட்டு எதைத் தொடுகிறதோ அங்கேயே கண்ணாடியாக ஒட்டும். அதுதான் உறைமழை. 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நாள்கணக்கில் பெய்து நூற்றுக்கணக்கான இரும்பு மின்கோபுரங்களைச் சரித்தது. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு வழியே வடகிழக்குக் காற்று தரையில் குளிரை ஊட்டிக்கொண்டே இருக்க, மேலே ஈரமான வெப்பக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. அங்கும் தரைதான் கதையை எழுதியது.

பலூன் படம் புரியும்வரை குறுக்குவழி ஒன்று உண்டு. அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கலாக உள்ள உயரத்துக்கும் 500 ஆக உள்ள உயரத்துக்கும் இடையே உள்ள காற்றடுக்கின் தடிமன் 5,400 மீட்டருக்குக் குறைந்தால் பனிக்கு வாய்ப்பு என்பார்கள். சமவெளியில் ஓரளவுக்கு உதவும். மலைப்பகுதியிலோ, தரையில் குளிர்காற்று தேங்கிய இடத்திலோ ஏமாற்றிவிடும். இன்னொரு நுணுக்கம்: வெளியே 4 டிகிரி இருக்கிறதே, மழைதான் என்று முடிவு கட்டாதீர்கள். காற்று வறண்டிருந்தால் விழும் துளிகள் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் அதே மழை பனியாகலாம். ஈரக்குமிழ் வெப்பநிலையை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதை, பார்த்தால் இது முன்கூட்டியே தெரியும்.

மாடல்களிடம் எவ்வளவு கேட்கலாம்

பத்தாம் நாளுக்கான படத்தில் பயங்கரமான புயல் தெரிந்தால் ரசித்துவிட்டு மூடிவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். ஐந்து நாள் முன்பு ஏதோ வருகிறது என்று சொல்லலாம், மூன்று நாள் முன்பு பாதையைப் பேசலாம், கணவாய்க் காற்றையும் பனி-மழைக் கோட்டையும் கடைசி ஒரு நாளில்தான் தொட வேண்டும். ஒரே மாடலின் ஒரே ஓட்டத்தை நம்பாமல் கூட்டு ஓட்டங்களைப் பாருங்கள். ஐரோப்பிய நடுத்தர முன்னறிவிப்பு மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டங்களை ஓட்டுகிறது. அவற்றின் தாழ்வு மையங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நம்பிக்கை கூடும், சிதறிக் கிடந்தால் காத்திருக்க வேண்டும். படங்களில் உள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதையும் மறக்காதீர்கள். எச்சரிக்கை என்று வந்தால் உங்கள் நாட்டு வானிலை அமைப்பு சொல்வதே கடைசிச் சொல், உங்கள் கணக்கு அல்ல.

புயல் வந்த அன்றும் மறுநாளும்

பார்ப்பது ஜன்னலுக்கு உள்ளே இருந்துதான். மரத்தடியில் நின்று படம் எடுப்பது வேண்டாம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள்ளும் கார் கொட்டகையிலும் ஏற்றவே கூடாது. 2006 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தை அடித்த காற்றுப்புயலுக்குப் பின் கார்பன் மோனாக்சைடால் பலர் இறந்தார்கள். பனியில் கார் சிக்கினால் புகைக்குழாய் வாய் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

பனியை அளக்க 40 சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளை வர்ணம் பூசிய பலகை போதும். கூரை, மரம், சுவர் எதற்கும் அருகே இல்லாமல் வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்காதீர்கள். மணிக்கு மணி அளந்து கூட்டினால் பனி தன் எடையில் அமிழ்வதற்கு முன் எண்ணிவிடுவீர்கள், மொத்தம் ஊதிப்போகும். பலகையில் உள்ளதை உருக்கி நீராகவும் அளந்துவையுங்கள். 10 சென்டிமீட்டர் பனிக்கு 10 மில்லிமீட்டர் நீர் என்பது பொதுக்கணக்கு. கடுங்குளிரில் விழும் பஞ்சுப்பனியில் அதில் பாதிதான் இருக்கும்.

காற்றுப்புயல் என்றால் மறுநாள் திசைகாட்டியோடு ஒரு நடை போய்வாருங்கள். மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அதிலிருந்து உச்ச வீச்சு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியும். ஒரே தோப்பில் சில மரங்கள் வடக்கேயும் சில கிழக்கேயும் விழுந்திருந்தால், முகப்பு கடப்பதற்கு முன்பும் பின்பும் இரண்டு முறை அடித்திருக்கிறது என்று பொருள். உங்கள் பாரோமீட்டர் ஏட்டில் அந்த நேரங்களைத் தேடிப் பிடிக்கலாம். சாலைப் பணியாளர்கள் அறுத்து அடுக்குவதற்கு முன் போய்விட வேண்டும்.